இரண்டாம் முறை கேட்காத நகரம்

மேடையில் பேசக் கற்றுக்கொண்டவன், மேடையை விட்டு இறங்கிய பின் மறுக்கவும் கற்றுக்கொள்கிறான். கடலூர் வட்டாரத்தில் பள்ளி ஆண்டு விழாக்களிலும் கோயில் திருவிழாக்களிலும் பேசிப் பழகிய எனக்கு, இரண்டாவது கலை முதலாவதைவிடச் சற்று முன்னதாகவே கைவந்தது. கூட்டம் முடிந்ததும் விழாக் குழுவினர் சாப்பிட்டுத் தங்கிப் போகச் சொல்வார்கள். உடனே ஒப்புக்கொள்வது தரக்குறைவு. மறுக்க வேண்டும், ஆனால் அவர்கள் மறுபடி கேட்பதற்கு இடம் விட்டு மறுக்க வேண்டும்.

கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரில் பேசிய மாலை நினைவிருக்கிறது. குழுத் தலைவர் படகு வைத்திருப்பவர். சட்டைப் பொத்தானை மேடைக்காக மட்டும் போட்டிருந்தார்.

"தங்கிட்டுக் காலைல போலாம்," என்றார்.

"வேணாங்க மாமா, ஏழு மணி பஸ்ஸு இருக்கு."

"பஸ்ஸு தெனமுந்தான் போவுது."

"இல்லீங்க, உங்களுக்கு எதுக்குச் செரமம்."

"செரமம் ஜாஸ்திதான். என்னா பண்றது, பேசவுட்டுட்டோம். பைய குடு."

அவர் என் தோளிலிருந்த பையைக் கழற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். அப்படித்தான் அது எப்போதும் முடியும். பை கைமாறும், அதற்குப் பிறகு மறுப்பதற்கு எதுவும் இருக்காது. எத்தனை வீடுகளில் எத்தனை பாய்களில் படுத்திருக்கிறேன் என்று எனக்குக் கணக்கில்லை. ஆனால் எந்த வீட்டிலும் நானாக இடம் கேட்டதில்லை. அதை ஒரு தகுதியாகவே நினைத்திருந்தேன்.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, ஜப்பானின் ஒசாகா நகரில் இயங்கும் ஒரு தமிழ்ச் சங்கம் இணையவழிப் பேச்சுப் போட்டி நடத்தியது. விடுதி அறையில் போர்வையைச் சுவரில் ஆணியடித்துப் பின்திரையாக்கி, கைப்பேசிக்கு முன் நின்று பேசினேன். முதல் பரிசு கிடைத்தது. போக வர விமானச் சீட்டும், அவர்களுடைய பொங்கல் விழாவில் இருபது நிமிடப் பேச்சும்தான் பரிசு. நடுவர்கள் குறிப்பாகப் பாராட்டியது ஒரே வரியை: "தமிழன் சென்ற இடத்திலெல்லாம் அவனுக்கு முன்பே ஒரு வீடு சென்று காத்திருக்கிறது." அந்த வரியை நான் கடலூர் வெள்ளிக் கடற்கரையில், அலை இரைச்சலை மீறி, பல மாலைகள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

சங்கத்தின் பொறுப்பாளர் கைப்பேசியில் அழைத்தார். கடலூர் முதுநகர்க்காரர், ஒசாகாவுக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. விடுதியின் உணவுக்கூடத்து வாசலில், கையில் தட்டுடன் நின்று பேசினேன்.

"தம்பி, சீட்டு வெல கொறையா இருக்குன்னு செவ்வாக்கெழமைக்கே போட்டுட்டோம். விழா ஞாயித்துக்கெழம. அதுவரைக்கும் எங்க வீட்லயே தங்கிக்கலாம்."

"வேணாங்கண்ணா. உங்களுக்கு எதுக்குச் செரமம். நான் பாத்துக்குறேன்."

ஒரு கணம் இடைவெளி. அந்த இடைவெளிக்கு நான் பழகியவன். அடுத்த வாக்கியம் எப்படி வரும் என்பதும், அதற்கு நான் எப்படி ஒருமுறை தயங்குவேன் என்பதும் எனக்குத் தெரியும்.

"அப்படீங்களா? சரிங்க தம்பி. அப்ப ஞாயித்துக்கெழம விழா மண்டபத்துல பாப்போம்," என்றார் அவர். அழைப்பு முடிந்தது. தட்டில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

அவர் குரலில் வருத்தமில்லை, அலட்சியமும் இல்லை. நான் சொன்னதை நம்பிவிட்டார், அவ்வளவுதான். மறுபடி அழைப்பார் என்று இரண்டு நாள் பொறுத்தேன். அழைக்கவில்லை. நானாக அழைத்து, "அண்ணா, உங்க வீட்லயே தங்கிக்குறேன்," என்று சொல்லியிருக்கலாம். நான்கு சொற்களுக்கு மேல் தேவைப்படாத அந்த வேலையைச் செய்ய, ஆயிரம் பேருக்கு முன் கூசாத என் நாக்கு கூசியது.

ஆகவே மூன்று மாலைகள் அறைத் தோழனுடன் உட்கார்ந்து, ஒசாகாவில் மலிவான தங்குமிடம் தேடினேன். அந்த வாரம் அந்த நகரில் ஏதோ பெரிய இசை நிகழ்ச்சியாம். சாதாரண விடுதிகளெல்லாம் என் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தன. மாதக் கணக்கில் வாடகைக்கு விடுபவர்கள் ஐந்து நாளுக்கு இடமில்லை என்றார்கள். பலர் சேர்ந்து தங்கும் அறைகளில் பெண்களுக்கான கட்டில் மட்டும் மிஞ்சியிருந்தது. கடைசியில் நின்றது கேப்ஸ்யூல் விடுதி. சுவரில் இரண்டடுக்காகப் பதித்த பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் ஒரு ஆள். தங்கியவர்களின் கருத்துகளை எதிரணியின் வாதங்களைப் போல ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒருவர் சுத்தம் என்றார். ஒருவர் சவப்பெட்டி என்றார்.

அறைத் தோழனின் அப்பா கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர். அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"மச்சான், இது ஐஸ் பொட்டிடா. எங்கப்பா இதுலதான் வஞ்சிரத்த அடுக்குவாரு."

"உள்ள விளக்கு இருக்குடா. பாரு, சின்னதா டீவிகூட இருக்கு."

"வஞ்சிரத்துக்கு அதெல்லாம் வெக்க மாட்டாரு. ஆமா, அந்தண்ணன் வீட்ல தங்கச் சொன்னாருன்னியே?"

"அது மரியாதைக்குச் சொன்னது."

"நீ மரியாதைக்கு வேணாம்னியா?"

நான் பயணத் தேதிகளை நிரப்பத் தொடங்கினேன். அவனும் விட்டுவிட்டு, எனக்காக முன்பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

ஒசாகாவில் அந்த விடுதி ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருந்தது. வாசலிலேயே காலணியைப் பெட்டியில் பூட்டி, சாவியை முகப்பு மேசையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கைப்பட்டையும், மடித்த இரவுடையும் தருவார்கள். மேசையில் இருந்த பெண் ஒவ்வொரு முறையும் குனிந்து வணங்கினாள்; நானும் குனிந்தேன். எனக்குக் கிடைத்தது மேலடுக்குப் பெட்டி. ஏணியில் ஏறி உள்ளே நுழைந்து திரையை இழுத்துவிட்டால், நிமிர்ந்து உட்காரலாம், நிற்க முடியாது. தலைமாட்டில் ஓர் அறிவிப்பு. வாயின் படம், அதன் மேல் குறுக்குக் கோடு. உள்ளே பேசக் கூடாது.

நான் வாழ்நாளில் பேசாமல் எதையும் மனத்தில் பதித்ததில்லை. உரக்கச் சொன்னால்தான் மூச்சு எங்கே முடிகிறது, எந்தச் சொல்லில் நிறுத்த வேண்டும் என்பது பிடிபடும். முதல் நாள் மாலை, உதடு மட்டும் அசைய உரையைத் தொடங்கினேன். என்னை அறியாமல் ஓர் அடி முணுமுணுப்பாகியிருக்க வேண்டும். பக்கத்துப் பெட்டியிலிருந்து சுவரில் இரண்டு தட்டு. கோபமான தட்டல்ல, மிக மெதுவான, மன்னிப்புக் கேட்பது போன்ற தட்டு. அந்த மனிதரின் முகத்தை நான் ஐந்து நாளும் பார்க்கவில்லை. ஏணியடியில் அவருடைய செருப்பு நேராக வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவே அறிமுகம்.

பகல் பத்து மணிக்கு எல்லோரும் வெளியேற வேண்டும், சுத்தம் செய்வார்கள். மூன்று மணிக்குத்தான் திரும்ப விடுவார்கள். அந்த ஐந்து மணி நேரம் எனக்கு அந்த நகரில் எந்த இடமும் இல்லை. தை மாதக் குளிர் காதுக்குள் நுழைந்தது. கடைகளில் நின்று பார்ப்பேன், பணிவாக வரவேற்பார்கள், வாங்காமல் வெளியேறும்போதும் அதே பணிவுடன் வழியனுப்புவார்கள். செவ்வாய் முதல் சனி வரை என்னிடம் யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவுமில்லை.

புதன்கிழமை நடந்து நடந்து ஆற்றங்கரைக்கு வந்தேன். பாலத்தடியில் நடுவயதுக்காரர் ஒருவர் நீரைப் பார்த்து நின்று எக்காளம் போன்ற ஒரு பித்தளைக் கருவியை ஊதிக்கொண்டிருந்தார். வீடுகளில் சத்தம் போட முடியாதவர்கள் அங்கே வந்து பழகுவார்கள் போலும். நானும் பத்தடி தள்ளி, நீரைப் பார்த்து நின்றேன். அவர் ஊதி முடித்ததும், "அவையோர்க்கு வணக்கம்," என்று தொடங்கினேன். அவர் திரும்பிப் பார்த்தார், தலை குனிந்தார், காத்திருந்தார். நான் ஒரு பத்தி பேசி நிறுத்தியதும் மறுபடி ஊதினார். வியாழனும் வெள்ளியும் அப்படியே. ஒருவர் மற்றவரின் ஒரு சொல்லும் அறியாமல், முறை தவறாமல், மாறி மாறி. சனிக்கிழமை அவர் வரவில்லை. அன்று பாலத்தடியில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது, பாதியில் நிறுத்திவிட்டேன்.

கடலூரிலிருந்து அம்மா தினமும் காணொளியில் அழைப்பாள். கீழ்த்தளத்து வரவேற்புக் கூடத்தில் மட்டுமே பேசலாம் என்பதால், அங்கே ஒரு நாற்காலியில் அமர்ந்து எடுப்பேன்.

"ரூமு பெருசாத்தான் குடுத்துருக்காங்க," என்றாள்.

"ஆமாம்மா."

"பின்னால யாரோ போறாங்களே, யாருப்பா அது?"

"வேலைக்காரங்கம்மா."

"நாலு பேரா? ஒனக்கா?" அவள் திரும்பி, கடலூர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருக்கும் அப்பாவிடம் அதைப் பெருமையாகச் சொல்வது கேட்டது.

சனிக்கிழமை அந்தப் பொய்யைச் சொல்லி முடித்ததும் பொறுப்பாளரை அழைத்தேன். இடம் கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் அழைத்தேன். முன்னுரையைக்கூட வகுத்திருந்தேன்.

"சொல்லுங்க தம்பி. எடமெல்லாம் சௌகரியமா?"

"ரொம்ப சௌகரியங்கண்ணா."

"நல்லது. வேற?"

"மைக் கையில புடிக்கிறதாண்ணா, ஸ்டாண்டுல இருக்கிறதா?"

"ஸ்டாண்டுலதான்," என்றார்.

விழா ஒரு பள்ளியின் கூடத்தில் நடந்தது. வேட்டிக்கு மேல் குளிர்ச்சட்டை அணிந்தவர்கள், காலுறை மாட்டிய பட்டுப்பாவாடைச் சிறுமிகள், மின்னடுப்பில் பொங்கல். என் உரை நன்றாக அமைந்தது; இதை அடக்கம் கருதி மறைக்க மாட்டேன். பாராட்டுப் பெற்ற அந்த வரி வந்தது. தமிழன் சென்ற இடத்திலெல்லாம் அவனுக்கு முன்பே ஒரு வீடு சென்று காத்திருக்கிறது என்றேன். பழகிய இடத்தில் நிறுத்தினேன். கூடம் முழுக்கக் கை தட்டியது. முதல் வரிசையில் பொறுப்பாளர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அந்தக் கைதட்டல் அடங்கும் வரை நான் தொலைவிலிருந்த சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாற்காலிகளை மடக்கும்போது அவருடைய மனைவி வந்தார். சிதம்பரம் கீழ வீதிக்காரர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"நல்லா பேசுனீங்க தம்பி. எங்கூட்டுக்குத்தான் வரல. ஓட்டல்தான் ஒங்களுக்குச் சௌகரியம்னு இவரு சொன்னாரு."

"அப்படி இல்லக்கா."

"பொண்ணு ரூம ஒழிச்சு வெச்சேன். மனசு மாறி வந்துருவீங்களோன்னு ரெண்டு நாளு ஹீட்டர்கூடப் போட்டு வெச்சேன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியை மடக்கப் போனார். நான் விடுதியின் கைப்பட்டையைத் திருகிக்கொண்டு நின்றேன். இந்த நகரில் நான் போக இடமின்றி நடந்த அதே நாட்களில், எட்டு ரயில் நிலையங்களுக்கு அப்பால் ஒரு காலி அறை எனக்காகச் சூடாகியிருந்தது.

"அக்கா," என்றேன். "இன்னிக்கு ஒரு நாள் வரட்டுமா?"

அவர் நிமிர்ந்தார். கணவரைப் பார்த்தார். "இன்னிக்கு அந்த ரூம்ல நகோயாவுலேர்ந்து வந்த குடும்பம் இருக்குது தம்பி. ஹால்லதான் படுக்கணும். மூணு புள்ளைங்க வேற, கத்திட்டே இருக்கும்."

"கத்தட்டும்க்கா."

விடுதியிலிருந்து பையை எடுத்துவந்து, அன்று அவர்கள் வீட்டுக் கூடத்துத் தரையில், பிள்ளைகளின் கால்கள் விலாவில் இடிக்கப் படுத்தேன். பொறுப்பாளர் தானே மெத்தையை விரித்தார். "அன்னிக்கே சொல்லிருக்கலாமே தம்பி," என்றார்.

"நீங்க இன்னொரு வாட்டி கேப்பீங்கன்னு இருந்தேன்."

அவர் கையிலிருந்த தலையணையைச் சற்று நேரம் தட்டிக்கொண்டே இருந்தார். "இங்க யாரும் கேக்க மாட்டாங்க. எனக்கும் வுட்டுப்போச்சு," என்றார்.

காலையில் வாசலில் காலணி மாட்டும்போது, துண்டில் சுற்றிய டப்பாவை அக்கா நீட்டினார். எலுமிச்சைச் சோறு, சூடாக.

"வேணாங்க்கா. ஃப்ளைட்ல குடுப்பாங்க," என்றது என் வாய்.

"சரிப்பா," என்று அவர் உள்ளே போனார்.

ஒரு கால் காலணியில், ஒரு கால் வெளியே. சமையலறையில் டப்பாவை மேடை மேல் வைக்கும் ஒலி கேட்டது. கேட்க வேண்டியதை மனத்துக்குள் இருமுறை ஒத்திகை பார்த்தேன்.

"அக்கா, அந்த டப்பாவக் குடுங்க."

விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில் யாரும் பேசவில்லை. பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே இருந்தது. மடியிலிருந்த டப்பாவின் சூடு துண்டைத் தாண்டித் தொடையில் தெரிந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் கையை வைத்துப் பார்த்தேன், குறைந்துகொண்டே வந்தது.