சித்தி வாங்கிய உருண்டை அடுப்பு

எனக்குப் பதினொரு வயதானபோது அம்மாவின் தங்கை, என் சித்தி, ஈப்போவிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கிள்ளானிலிருந்து மேரு போகும் சாலைக்குப் பக்கத்தில், வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. சித்தி ரெஸ்ட் எடுக்க வந்திருக்கிறார் என்று அம்மா சொன்னார். ரெஸ்ட் எடுக்க வந்தவர் மறுநாளே ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்றித் துவைத்தார். அதற்கடுத்த நாள் மேஜைமேல் ஏறி மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தார். பெரியவர்களின் ரெஸ்ட் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அதிகம் பேசமாட்டார். அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டெடுத்து உட்காருவார். எது கேட்டாலும் "பரவாயில்லக்கா" என்பார். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. ஆகவே ஒரு சனிக்கிழமை காலையில் கைப்பேசியை அப்பாவிடம் நீட்டி, "மாமா, இதைப் போய்ப் பாக்கலாமா?" என்று சித்தி கேட்டபோது, நான் ரொட்டியை வாயில் வைத்தபடி அப்படியே நின்றேன்.

திரையில் ஒரு படம். கறுப்பாக, பூசணிக்காய் மாதிரி உருண்டையாக, மூன்று கால்களில் நிற்கும் ஒரு கரி அடுப்பு. மேல்பாதி மூடி, கீழ்ப்பாதி சட்டி. கோலாலம்பூர் பக்கம், பங்சாரில் யாரோ பழசை விற்கிறார்கள்.

"கரி அடுப்புக்கு எதுக்கும்மா பங்சார் போகணும்?" என்றார் அப்பா. "நாலு செங்கல்ல வச்சுக் கம்பியைப் போட்டா போதாதா?"

"அதுல மேல கருகிடும், உள்ள வேகாது மாமா. இது மூடி போட்டுச் சுடுறது. முழுக் கோழியும் எலும்பு வரைக்கும் வேகும். அக்கம்பக்கத்துல ஆர்டர் எடுக்கலாம்னு…"

சித்தி ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதை நாங்கள் கேட்டதே இல்லை. அப்பா எழுந்து அடுக்களைக்குப் போனார். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர் அவர். அடுத்தவர் கழித்துவிட்ட சாமானில் கட்டாயம் ஏதாவது கோளாறு இருக்கும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அவர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"இன்னிக்கோ நாளைக்கோ திரும்பிப் போகப்போற புள்ளைக்கு இவ்ளோ பெரிய சாமான் எதுக்கு?"

"போகப்போறேன்னு அவ உங்ககிட்ட சொன்னாளா?" என்றார் அம்மா.

பெரிய சாமான் என்பதுதான் பிரச்சினை என்று எனக்குப் புரிந்துவிட்டது. பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி எங்கள் சின்னக் காரின் பின்பெட்டியை அளந்தேன். விளம்பரத்தில் போட்டிருந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய், "காலைக் கழட்டிட்டா போதும்பா, உள்ள போயிடும்" என்று அறிவித்தேன். அப்பா என்னையே பார்த்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரைமணி நேரத்தில் பங்சாருக்குக் கிளம்பினோம். என் அளவுகோல்தான் அப்பாவின் மனதை மாற்றியது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

விற்கிறவர் வயதான சீன அங்கிள். பழைய தரைவீட்டைக் கொடுத்துவிட்டு, அருகிலேயே ஓர் அடுக்குமாடியில் இருக்கும் மகளோடு குடியேறப் போகிறாராம். அங்கே பால்கனியில் கரி மூட்டக் கூடாதாம். "மனசில்லாமதான் விக்கிறேன்" என்று மலாயில் சொல்லிவிட்டு, கேட்காமலேயே குறைகளையும் சொன்னார். ஒரு கால் உடைந்து வேறு கால் மாட்டியிருக்கிறார். அடியிலுள்ள காற்றுத் துளையைத் திறந்து மூடும் பிடி கொஞ்சம் இறுகும். மூடியின் ஓரத்தில் பூச்சு பெயர்ந்திருந்தது.

அப்பா அடுப்பின் காலைப் பிடித்து ஆட்டினார். அடுப்பு ஆடியது. நான் சொல்லவில்லையா என்கிற முகத்தோடு சித்தியைப் பார்த்தார்.

சித்தி ஆடும் காலைக் கண்டுகொள்ளவே இல்லை. புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளேயிருந்த கம்பியை எடுத்து வெளியே வைத்தார். சாம்பல் தட்டைக் கழற்றினார். சட்டியைத் தூக்கிக் கவிழ்த்துப் பிடித்து, என்னை அடியில் உட்காரச் சொன்னார்.

"உள்ள பாரு. துளையைத் தவிர வேற எங்கேயாவது வெளிச்சம் தெரியுதா?"

ஒரு சாமானை வாங்கலாமா வேண்டாமா என்பதில் என் கண்ணை நம்பி ஒருவர் கேட்டது அதுதான் முதல்முறை. கறுப்பு வானம்போல் தலைக்குமேல் கவிழ்ந்திருந்த சட்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். தலையிலும் காதிலும் கரி உதிர்ந்தது. எங்கும் ஓட்டை இல்லை.

"ஒண்ணும் தெரியல சித்தி!"

பிறகுதான் அவர் கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலம் கரியை வெளியே எடுத்தார். அதை எப்போது எடுத்து வைத்தார் என்று அம்மாவுக்கே தெரியாது. இங்கேயே மூட்டிப் பார்க்கலாமா என்று மலாயில் கேட்டார். அங்கிளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சோபாலா, சோபாலா," அதாவது மூட்டித்தான் பாரேன் என்று மலாயிலேயே சொல்லி, அவரே தீப்பெட்டி கொண்டுவந்தார்.

கரி கனன்று வெள்ளை பூத்ததும் சித்தி மூடியைப் போட்டு, மேல்துளை, கீழ்த்துளை இரண்டையும் அடைத்தார். இறுகியிருந்த பிடி அவர் கைக்கு ஒரே இழுப்பில் நகர்ந்தது.

"இப்ப என்ன?" என்றார் அப்பா.

"காத்து போகலன்னா நெருப்பு தானா அடங்கணும் மாமா. அடங்கலன்னா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். அப்படின்னா வேணாம், வாங்க போயிடலாம்."

காத்திருந்தோம். அங்கிள் குளிர்ந்த பூத்தேநீர் கொடுத்தார். அப்பா மூன்று முறை மணி பார்த்தார். நடுவில் அங்கிளின் கைப்பேசி அடித்தது. வேறொருவர் உடனே வந்து எடுத்துக்கொள்கிறாராம். நான் எழுந்துபோய் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டேன். அங்கிள் சித்தியைப் பார்த்தார். சித்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவங்க முடிவு சொல்லட்டும், அப்புறம் பேசறேன்" என்று அங்கிள் வைத்துவிட்டார்.

அரைமணி நேரம் கழித்து சித்தி மூடியைத் தொட்டுப் பார்த்துத் திறந்தார். கரி கரியாகவே கிடந்தது. ஒரு பொறிகூட இல்லை. மறுபடி பற்றவைக்கலாம், அவ்வளவு முழுசாக இருந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். ஒரு துண்டைக் குச்சியால் புரட்டினார். "காலுக்கு நான் ஒரு நட்டு போட்டுடறேன்" என்றார். அவர் பாஷையில் அதுதான் சம்மதம்.

திரும்பி வரும்போது சட்டி பின்பெட்டியில், மூடி என் மடியில். ஃபெடரல் ஹைவே நெடுக, போட்டியில் கோப்பை ஜெயித்தவள்போல அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் அம்மா திரும்பித் திரும்பித் தங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் சமையல். அப்பா தன்னோடு லோரி ஓட்டும் நண்பர்கள் இருவரைக் கூப்பிட்டிருந்தார். சித்தி கரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் கோழியை விரித்து வைத்தார். சோம்பும் மிளகும் பூண்டும் மணக்க ஆரம்பித்ததும் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு முறை மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது முறை கை வைத்தபோது, "தொறக்காதீங்க மாமா!" என்று சித்தி அதட்டினார். அப்பா கையை எடுத்துவிட்டு, பள்ளிப் பையனைப் போலப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முதல் கோழி எலும்போடு தீர்ந்தது. பேசியே ஓயாத அந்த நண்பர்கள் பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. அவர்களில் ஒருவர் விரலை நக்கிக்கொண்டே, "அடுத்த வாரம் என் மக பர்த்டே. பத்துக் கோழி செஞ்சு தர முடியுமாம்மா?" என்றார். சித்தி தலையை ஆட்டினார். எனக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது. துளையைத் திறப்பதும் மூடுவதும் அன்று என் பொறுப்பு. ஆகவே அந்தப் பத்துக் கோழியில் பாதிப் பெருமை என்னுடையது.

அப்போதுதான் வாசலில் ஈப்போவிலிருந்து ஒரு கார் வந்து நின்றது. சித்தப்பாவும் அவருடைய அண்ணனும் இறங்கினார்கள். அம்மா உள்ளேயிருந்து வேகமாக வந்தார். சித்தி இருவருக்கும் இரண்டாவது கோழியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, அடுப்பில் இன்னொன்றை ஏற்றினார். சித்தப்பா நன்றாகவே சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, "சரி, பெட்டியை எடு. கடையில ஆளில்ல, கெளம்பலாம்" என்றார். ஈப்போவில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. எட்டு வருடமாக அதன் அடுப்படியில் நின்றது சித்திதான்.

சித்தி இடுக்கியைக் கீழே வைக்கவில்லை. "அடுப்புல கோழி இருக்கு. விட்டுட்டு வர முடியாது."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"நீங்க காத்திருக்க வேணாம்."

சித்தியின் சங்கடம் எனக்கு விளங்கியது. ஓடிப்போய் நடுவில் நின்றேன். "நீங்க போங்க சித்தி, கோழியை நான் பாத்துக்கறேன்! எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!"

லோரி நண்பர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"நீ சும்மா இரு. இது சித்தியோட அடுப்பு. சித்தி இங்கதான் இருப்பாங்க." பிறகு சித்தப்பா பக்கம் திரும்பி, "நீங்க கெளம்புங்க. மழை வர்றதுக்குள்ள ஹைவே ஏறிடலாம்" என்றார்.

கார் போயிற்று. சித்தி மூடியைத் திறந்து கோழியைத் திருப்பிப் போட்டார். அந்த அடுப்பு அடுத்த வருடமே இரண்டாயிற்று, பிறகு நான்கு. இன்று மேருவில் சித்தியின் கடைக்கு மதியம் போனால் நின்றுதான் வாங்க வேண்டும்.

அன்றைக்கு நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அத்தனை பேர் முன்னால் எனக்கு ஒரு கோழியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது என்று அப்பா சொல்லிவிட்டாரே! அம்மா வந்து கூப்பிட்டார், போகவில்லை. சித்தி தொடைக்கறியைத் தட்டில் வைத்துக்கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா செய்தது நியாயமா என்று அவரிடமே கேட்டேன். சித்தி என்னைக் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் கட்டில் குலுங்கியது. எனக்கு அது இன்னும் அவமானமாகப் போய்விட்டது. கறியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, அப்பாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.