ஒன்றரை அங்குலப் பைப்பு

போன வாரம் விழுப்புரம் பைபாஸில் எங்களுக்கு முன்னால் ஒரு கார் போனது. பின்னால் ஒரு சொம்பே நுழைந்துவிடும்போல சைலன்சர் பைப்பு. சிக்னலில் நின்று கிளம்பும்போது ஓர் உறுமல், கூடவே கொஞ்சம் கரும்புகை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் மகன், "டர்போ வண்டிக்கு இதாம்மா கரெக்ட்டு சைஸு" என்றான். நான் தலைப்பை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டேன். கண்ணாடியெல்லாம் ஏற்றித்தான் இருந்தது, புகை ஒரு துளி உள்ளே வரவில்லை. "என்னாச்சும்மா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் என்ன என் சம்பந்தி வீடா?

எண்பதுகளின் கடைசி. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை, இருந்தது, தண்ணீர் இறைக்க ஒரு ஆயில் எஞ்சின் இருந்தது. அந்த ஒரு எஞ்சினை வைத்துக்கொண்டு உலகத்து எஞ்சினெல்லாம் தனக்குத் தெரியும் என்பார். அடுத்த கொல்லையில் எஞ்சின் லேசாக இருமினால் போதும், சோத்துக் கையோடு எழுந்து வரப்பில் நின்று, "டேய், டீசல்ல தண்ணி கலந்துகினு கீதுடா" என்று கத்துவார். பாதி நாள் சரியாகத்தான் இருக்கும். மீதி நாள் எஞ்சின்மேல்தான் தப்பு.

அப்பேர்ப்பட்டவர் பாண்டியில் ஒரு காரை வாங்கிவிட்டார். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஒரு வீட்டுப் பிள்ளை பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. பிள்ளை திரும்பிப் போய்விட, வண்டி உப்புக்காற்றில் நின்றுகொண்டிருந்தது. டீசல் டர்போ. ஸ்டியரிங் இடது பக்கம். எங்கள் தெருவில் முதல்முறை வந்தபோது, வலது பக்கம் அம்மா சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தார்கள், ஓட்டுகிறவள் ஏன் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று. சீட்டில் நாய் வாடையும் செண்ட் வாடையும் கலந்து வீசும். அம்மா மஞ்சத்தண்ணி தெளித்துப் பார்த்தாள். மூன்றும் சேர்ந்து வீசியது.

வண்டி எதற்கு என்று கேட்பீர்கள். எனக்காகத்தான். விழுப்புரத்தில் ஒரு இடம் அமைகிறமாதிரி இருந்தது, பையன் சர்க்கார் வேலை. பஸ்ஸில் போய் இறங்கினால் மதிப்பு இருக்காது என்று அப்பாவுக்கு ஒரு நினைப்பு. எங்கள் பக்கத்தில் அப்போது பெண்ணை நேரே வீட்டுக்கு வந்து பார்க்கமாட்டார்கள், கோயிலில் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்து வேண்டாமென்று போனால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கோயில் என்றால், சாமி கும்பிடப் போனோம், வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆக, ஒரு கிருத்திகையன்று மயிலம் மலைமேல் பார்ப்பதாகப் பேச்சு.

இதற்கு நடுவில் வண்டியின் சைலன்சர் பைப்பு உதிர்ந்து விழுந்தது. உப்பில் ஊறியது, கையில் எடுத்தால் அப்பளம். பழைய அளவு என்ன என்று கண்டுபிடிக்க வழியில்லை. விழுப்புரத்தில் ஒரு லாரி பட்டறைக்கு எடுத்துப் போனார் அப்பா. ஜவுளிக்கடைக்குப் போக வேண்டியிருந்ததால் நானும் கூட இருந்தேன்.

பட்டறைக்காரர் கீழே குனிந்து, நத்தைக்கூடு மாதிரி இருந்த டர்போவைத் தொட்டுப் பார்த்தார். "இதச் சுத்தறதே புகைதாண்ணே. வெளிய ஜல்தியா போவணும். லாரிக்குப் போடற மூணு அங்குலம் போட்டுடலாம்."

"லாரியாட்டம் கத்திக்கினு போயி நின்னா சம்பந்தி வூட்டுக்காரன் இன்னா நெனப்பான்?" என்றார் அப்பா. "சின்னதா போடுப்பா. ஓஸ் முனைய வெரலால அமுக்கனா தண்ணி எம்மாந் தூரம் பாயுது? புகையும் அப்படித்தான். வாய் சின்னதானா வேகம் ஜாஸ்தி."

"நானும் டர்போவ இப்பதாண்ணே பாக்கறேன்" என்று பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார். வாய்க்கால் இல்லாமல் ஓஸில் தண்ணீர் விட்டே கொல்லை நனைத்த மனுஷனிடம் யார் வாதாடுவது? எனக்கும் அது சரியென்றுதான் பட்டது, நானும் அந்த ஓஸைப் பிடித்து வளர்ந்தவள்தானே. பம்புசெட்டுக்குப் போடுகிற ஒன்றரை அங்குலப் பைப்பை வளைத்து மாட்டினார்கள். திரும்பி வரும்போது வண்டி பூனை மாதிரி வந்தது. மேடே இல்லாத ரோட்டில் எது வராது? அப்பா வழியெல்லாம் பாட்டுப் பாடினார்.

கிருத்திகையன்று அத்தையிடம் இரவல் வாங்கிய மாம்பழக் கலர் பட்டு, தலை கொள்ளாத பூ, முகத்தில் அரை டப்பா பவுடர். மயிலம் ஒன்றும் பெரிய மலை இல்லை. கார் அதன் அடிவாரத்தில் திரும்பி மேட்டில் பாதி ஏறியதுமே முனக ஆரம்பித்தது. அப்பா மிதிக்க மிதிக்கச் சத்தம் வந்ததே தவிர நகரவில்லை. பானெட்டிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. சாமி கும்பிட வந்த கூட்டம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது.

"எறங்கித் தள்ளுங்கம்மா, கொஞ்சந்தான்" என்றார் அப்பா.

அம்மாவும் நானும் பின்னால் போய்த் தள்ளினோம். கல்யாணப் பெண்ணே தள்ளலாமா என்று யோசிக்க நேரமில்லை. நான் நின்ற இடம் சரியாகப் பைப்புக்கு எதிரே. அப்பா ஒரே மிதி மிதித்தார். அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் கரியாக வந்து என் மேல் கொட்டியது. பட்டு, பூ, பவுடர், எதையும் விடவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸில் வந்து முன்னமே ஏறியிருந்தார்கள். சத்தம் கேட்டு வளைவு வரைக்கும் இறங்கி வந்து நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "இதான் பொண்ணா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை, குனிந்து பைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொந்த வண்டிங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஆமாங்க. ஃபாரின் வண்டிங்க."

"அப்டிங்களா. எங்க ஊர்ல கட்ட வண்டியே இந்த மேடு ஏறிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கையைக் கட்டிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, அவர்கள் சிரித்து முடிக்கும்வரை சிரித்தார். எதிராளி ஒரு வார்த்தை சொன்னால் பத்து வார்த்தை சொல்கிற மனுஷன். என் மூஞ்சி கரியானது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் மானமே போனமாதிரி இருந்தது. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கோயில் குழாயில் முகம் கழுவிக்கொண்டு போய் நின்றேன். சம்பிரதாயத்துக்குப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. இறக்கத்தில் வண்டி அழகாக ஓடியது. அப்பா பாடவில்லை.

அந்த வாரமே பட்டறைக்குப் போய் மூணு அங்குலம் மாட்டிவந்தார். அப்புறம் வண்டி ஊரைக் கூட்டிக்கொண்டு பறந்தது, மயிலம் மேட்டை மூச்சு வாங்காமல் ஏறியது. ஆனால் பட்டறையில் அவர், "உனக்கு எது சரின்னு படுதோ அத்த போடுப்பா" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாராம். கூடப் போன அம்மா சொன்னாள். கொஞ்ச நாளில் வண்டியை விற்றுவிட்டார். அடுத்த வருஷம் எனக்கு வேறு இடம் அமைந்தது. நல்ல மனுஷர், பஸ்ஸில்தான் வந்து பார்த்தார்.

இன்றைக்கு மல்லாட்டைக் கொல்லை பிளாட்டாகிவிட்டது. அந்தக் கார் எந்தக் காயலான் கடையில் கரைந்ததோ. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. ஆனால் அப்பா போனது பின்னால்தான், அதற்கு ரொம்ப முன்பே அவரிடமிருந்து ஏதோ ஒன்று போய்விட்டது. கடைசிக் காலத்தில் ஒருநாள் விழுப்புரம் போகத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவரோடு நின்றுகொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்க அந்த ரோட்டில் போய் வந்தவர். எதிரே விழுப்புரம் பஸ் வரிசையாக நின்றது. என் முழங்கையை மெல்லத் தொட்டு, "விழுப்புரத்துக்கு எதுலம்மா ஏறணும்? நீயே பாத்து சொல்லு, நான் தப்பா ஏறிடப் போறேன்" என்றார்.

"எதுல வேணா ஏறுப்பா, எல்லாம் போவும்" என்றேன்.

அவர் ஏறவில்லை. நான் முதலில் ஏறட்டும் என்று நின்றார்.