தண்ணீர் தங்காத காடு

போன வாரம் என் மனைவி செல்போனிலேயே ஒரு மூட்டை மண் வாங்கினாள். மண்ணையும் விலைக்கு வாங்கும் காலம் வந்துவிட்டதே என்று புலம்பப் போகிறேன் என நினைத்துவிடாதீர்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். மூட்டையைப் பால்கனித் தொட்டியில் கொட்டி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். செம்பைக் கீழே வைப்பதற்குள் தொட்டியின் அடியில் சொட்டத் தொடங்கிவிட்டது. பொடிக்கல் கலந்த மண். நனைந்த கல்லிலிருந்து ஒரு வாசம் எழுந்தது, துருப்பிடித்த பூட்டை நாக்கில் வைத்ததுபோல. மனைவி ரோஜாக் கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் கடலாடிக்குத் தெற்கே, முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு குழிக்குள் நிற்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மண் ஆய்வில் தற்காலிக வேலை. வரைபடத்தில் புள்ளி வைத்த இடத்தில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, அதற்குள் இறங்கி நின்று, மண் எத்தனை அடுக்கு, விரலில் ஒட்டுகிறதா உதிர்கிறதா, தண்ணீர் நிற்குமா வடியுமா என்று எழுதிக்கொண்டு, வெட்டியதை மூடிவிட்டு வரவேண்டும். கடப்பாரை பிடிக்க இருளப்பன் என்றொருவர் கூட வருவார். எந்த ஊரில் வெட்டினாலும் முதலில் வந்து எட்டிப் பார்ப்பவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "யாருக்கு சார் குழி?" இருளப்பன் முகம் மாறாமல் சொல்வார்: "இங்கன வந்து நில்லுங்க, அளவு பாத்துட்டுச் சொல்றோம்."

தங்கியிருந்தது கடலோர ஊரில், சுல்தான் காக்கா வீட்டு மாடியில். அந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணன் காக்கா, அக்கா ராத்தா. காக்கா துபாயில் பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு வந்தவர்; ஊரில் தேங்காய் பறிக்க ஏணியில் ஏறினால்கூடக் கால் நடுங்கும். அவர் மனைவி மைமூன் ராத்தா. சாயங்காலம் செம்மண் அப்பிய கால்சட்டையோடு நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து குரல் வரும். "என்ன வாப்பா, இன்னைக்கு எந்த ஊருல யாரப் பொதச்சிட்டு வாரீக?" என் அம்மா வயதில்லை அவருக்கு, ஆனாலும் பெற்ற பிள்ளையை அப்பா என்று கொஞ்சுவதுபோல நான் வாப்பாதான். வெள்ளிக்கிழமை தேங்காய்ப்பாலில் செய்த வட்டிலாப்பம் வரும், வழித்துச் சாப்பிடுவேன். நான் சைவம் என்று பொய் சொல்லிவைத்திருந்தேன். அதில் முட்டை இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அந்த வீட்டில் கடலைப் பார்த்த சன்னல் மட்டும் ஆணியடித்து மூடியிருந்தது. காற்று வராமல் வெந்துபோய் ஒருநாள் காக்காவிடம் கேட்டுவிட்டேன். அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ராத்தா சொன்னார். அவருடைய தம்பி கடலுக்குப் போன வள்ளம் திரும்பவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. "எங்கூடப் பொறந்தவனுக்கு ஒரு புடி மண்ணு கெடைக்கல வாப்பா. தண்ணியிலயே கெடக்கான். அல்லா எனக்காச்சும் காஞ்ச மண்ணாக் குடுக்கணும்." சொல்லிக்கொண்டே புளி கரைத்தார். நான் தலையை ஆட்டிவிட்டு மாடியேறிப் போனேன். அந்த வயதில் சாவுப் பேச்செல்லாம் வேறு யாருக்கோ வந்த தபால்.

சண்முகவேல் என்ற சம்சாரியின் நிலத்துக்கு நாங்கள் போனது அந்த வருஷம் ஆனியில். சுற்றிலும் கரிசல், குண்டு மிளகாய் போடுகிற நிலம். நடுவில் இது மட்டும் மாட்டு முதுகுபோல எழும்பி நிற்கும் செம்மேடு, ஆறேழு ஏக்கர். ஊரார் வைத்த பெயர் பரல்காடு. குழி வெட்டினால் மேலே ஒரு சாண் மணல் கலந்த மண். அதற்குக் கீழே நெஞ்சளவுக்குப் பரல், புளியங்கொட்டை அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுவரை, ஒவ்வொன்றும் உருண்டு வழவழத்து. எந்தக் காலத்திலோ ஓர் ஆறு உருட்டிக்கொண்டு வந்து, மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அடியில் வெளுத்த களி. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். கொஞ்சம் சலசலத்தது, அவ்வளவுதான், காணோம்.

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது, பனி பெய்யும் தேசத்துப் புத்தகத்தின் நகல். பனிமலை உருகி ஓடிய வெள்ளம் பரப்பிவிட்டுப்போன பரல்மண் பற்றி அதில் ஓர் அத்தியாயம். நீர் நன்றாக வடியும், வேர் மூச்சுவிடும், வசந்தத்தில் சீக்கிரம் சூடேறும், உழவுக்கு உயர்ந்த நிலம் என்று போட்டிருந்தது. அப்படியே பரல்காடு! கடலாடி வெயிலில் குழிக்குள் நின்றுகொண்டு, உருகும் பனியை நினைத்து எனக்குப் புல்லரித்தது. "முதல் தரம்" என்று எழுதினேன். எழுதியதோடு விட்டேனா? சண்முகவேலிடமும் சொல்லிவிட்டேன். மனிதர் வரப்பின் மேல் ஏறி நின்றார். பிறகு பக்கத்துக் கரிசல்காட்டைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, ஓட்டச்சட்டி ஓட்டச்சட்டின்னு சொன்னீகளேடா! சர்க்காரு வந்து எழுதிட்டாகடா!" எனக்கும் இருளப்பனுக்கும் நுங்கு வெட்டித் தந்தார், வயிறு வலிக்கும்வரை.

மேலதிகாரி என் தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, அங்கன தண்ணி அதிகம், வடியணும். இங்கன வாரதே நாலு மழை. அதுவும் வடிஞ்சிட்டா செடி எதைக் குடிக்கும், உங்க புத்தகத்தையா?" ஒரே கோடு. மூன்றாம் தரம். அதைச் சொல்லவேண்டிய பொறுப்பும் என் தலையில். சண்முகவேல் கேட்டுக்கொண்டார், திட்டவில்லை. "சரி சார்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். கரிசல்காட்டுப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. நாலு மழை என்ற அதிகாரியின் கணக்கெல்லாம் பொய்யாகும்படி நான்கு நாள் விடாமல் கொட்டியது. ஐந்தாம் நாள் விடிகாலை மைமூன் ராத்தா மூச்சுத்திணறி மௌத்தாகிவிட்டார். கார் வந்து நிற்கும்போதே முடிந்துவிட்டது. பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று முடிவாயிற்று. அடக்கம் செய்கிற மையவாடி கடற்கரையை ஒட்டிய தாழ்ந்த மணல். ஒரு இடத்தில் வெட்டினார்கள், முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர். இன்னொரு மூலையில் வெட்டினார்கள், அங்கேயும் தண்ணீர். இறைக்க இறைக்க ஊறியது. வேறு வழியில்லை, மழைக்காலத்தில் இப்படித்தான், பலகை போட்டு இறக்கிவிடலாம் என்றார்கள் பெரியவர்கள்.

காக்கா மாடிப்படியில் பாதிவரை ஏறி வந்து நின்றார். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். "தம்பி, ஊரு ஊராக் குழி வெட்டுறீங்களே. தண்ணி ஊறாத மண்ணு எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" புளி கரைத்துக்கொண்டே காய்ந்த மண் கேட்ட ராத்தாவின் குரல்தான் எங்கள் இருவர் காதிலும் கேட்டிருக்கவேண்டும்.

அவருடைய டிவிஎஸ் பிஃப்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கரிசல்காடெல்லாம் கண்ணாடிபோல நீர் கட்டி, மிளகாய்ச் செடிகள் கழுத்துவரை நின்றன. பரல்காடு மட்டும் கழுவி வைத்த செப்புத்தவலைபோல. சண்முகவேல் துவரைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சார். இப்ப நாலாந் தரமா எறக்கிட்டாகளா?"

சொன்னேன். யார், எப்போது, எதற்கு என்று மூச்சு வாங்கச் சொன்னேன். துவரம்பூவைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"பொம்பளையாளா?"

"ஆமா."

"தண்ணியில போட்றாதீகன்னு கேட்டுருக்கு?"

"ஆமாண்ணே."

அதுவரை நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. "தண்ணி தங்காதுன்னு எழுதுன கையி உங்க கையி" என்றார். "வாங்க, மெய்யா பொய்யான்னு இன்னைக்குப் பாத்துருவோம்." அன்றைக்கு வேறு எவருடைய காட்டில் டிராக்டரை இறக்கியிருந்தாலும் அச்சுவரை புதைந்திருக்கும். அவருடைய டிராக்டர் மேட்டில் ஏறி, பரலை நெரித்துக்கொண்டு, கெட்டியான தரையில் போவதுபோலப் போனது. விளைந்துகொண்டிருந்த துவரையை ஒரு சின்ன அறையளவு இடத்துக்குப் பிடுங்கிவிட்டுத்தான் வெட்டினார். நான் தடுத்தேன். "மேட்டு உச்சியில இருக்கதுதான் சுத்தப் பரலு. ஓரத்துல களி கலந்துருக்கும். நீங்க படிச்ச படிப்புக்கு இதச் சொல்லணுமாக்கும்?" இரண்டு டிரெய்லர்.

மையவாடி வாசலில் டிராக்டரை நிறுத்தி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஊறிய குழிக்குள் ஒரு முழத்துக்குப் பரலைக் கொட்டி மிதித்தார்கள். தண்ணீர் கல்லுக்குள்ளே இறங்கி ஒளிந்துகொண்டது, மேலே வரவில்லை. அந்த மேடை மேல் ராத்தாவைக் கிடத்தி, பலகை போட்டு, மிச்சப் பரலைக் குவித்தார்கள். வெள்ளை மணலுக்கு நடுவே சிவப்பாக ஒரு மேடு. எல்லோரும் மூன்று கைப்பிடி போட்டார்கள். சண்முகவேல் வாசலிலேயே தயங்கி நின்றார். காக்கா போய் அவர் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அவர் குனிந்து, தன் காட்டு மண்ணைத் தானே எடுத்துப் போட்டார். அன்றிரவும் மழை. விடிந்ததும் காக்கா ஓடிப்போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, "காஞ்சிருக்கு தம்பி" என்றார். அப்போதுதான் அழுதார்.

என் தற்காலிகம் அடுத்த வருஷம் முடிந்தது. பிழைப்பு மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனது. காக்காவும் சில வருஷத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் காலமானது பங்குனி வெயிலில், மையவாடி முழுக்க வறண்ட மணல்.

இரண்டு வருஷத்துக்கு முன் கடலாடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். விசாரித்துப் பரல்காட்டுக்கும் போனேன். மேடு இல்லை. ரோடு போடவும் மனைகளுக்குக் கொட்டவும் கிராவல் என்று சொல்லி, களி தெரியும்வரை அள்ளிவிட்டார்கள். அந்த இடத்தில் அகன்ற பள்ளம், நிறையத் தண்ணீர், நாரைகள் வேறு. சண்முகவேலின் மகள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். தகப்பன் சாடை, அதே ஏளனம். "அய்யா இருக்கவரைக்கும் ஒரு லாரிய உள்ள விடல. இப்பப் பாருங்க, தண்ணி நிக்காத காடுன்னாக. கோடைக்கும் வத்த மாட்டேங்குது" என்றார். சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் கடலோர ஊரில் இறங்கினேன். காலையில் பெய்த மழை மையவாடியில் அங்கங்கே தேங்கிக் கிடந்தது. ராத்தாவின் மேடு அமுங்கி, மணலோடு கலந்து, சிவப்பு மங்கியிருந்தது. குனிந்து உள்ளங்கையை வைத்தேன். பரல்காட்டில் இப்போது மிச்சம் இருப்பது இவ்வளவுதான், ஆள் படுக்கிற அளவு. ஈரமில்லை. வெயிலைக்கூடக் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தது.