நான் செய்த சின்ன ஜெபம்

நான் அஞ்சாவது வரை படித்தவள். திருத்தணியில் மலைக்குக் கீழே ஒரு தறிப் பட்டறையில் நூல் சுற்றுகிறேன். பேச்சு கம்மி. சபையில் ஜெபம் பண்ணச் சொன்னால் மூன்று நான்கு வரியில் முடித்துவிடுவேன். அதனாலேயே ஆராதனை இழுத்துப்போன நாளில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் ஆரம்பித்தால் வீட்டில் வைத்த உலை வற்றிப்போகும்.

போன தேர்தலிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

எங்கள் காலனிக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவில் வயல். வழி கிடையாது. வரப்பு மேல்தான் பெட்டியைத் தூக்கிப் போக வேண்டும். என் வீட்டுக்காரர் செத்தது ஐப்பசி மழையில். முன்னால் தூக்கியவருக்குக் கால் வழுக்கியது. பெட்டி சேற்றில் இறங்கியது. வாய்க்கால் தண்ணீரில் கழுவி எடுத்துப்போய்ப் புதைத்தோம். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ மனு. வழி வரவில்லை.

சபைச் செயலாளர் என் வீட்டுக்காரருக்கு அண்ணன் முறை. பாவா என்று கூப்பிடுவேன். அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் இல்லை. அவரே போய் ஒரு வேட்பாளரைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வேட்பாளர் ஆராதனைக்கு வருவார். பொன்னாடை போடுவோம். அவர் ஜெயிக்க ஜெபம் செய்வோம். சபை ஓட்டு மொத்தமும் அவருக்கு. ஜெயித்ததும் வழி போட்டுத் தருவார். எங்களை யாரும் கேட்கவில்லை.

எங்கள் போதகரை ஐயர் என்போம். வயதில் சின்னவர், வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. கோயிலுக்குள் ஓட்டு கேட்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். ஓட்டு யார் கேட்டார்கள், ஜெபம்தானே செய்கிறோம் என்று பாவா வாயை அடைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேட்பாளர் வந்தார். மலை ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு நேராக வந்திருந்தார். நெற்றியில் விபூதி அப்படியே இருந்தது. அதில் எனக்குக் குறை இல்லை. அவர் சாமி அவருக்கு. செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே வந்தார். கூட வந்த ஆட்கள் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பொன்னாடை போட்டு முடித்தபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து கனகம்மாசத்திரம் போகணுமாம். பாவா என் பக்கம் திரும்பினார்.

"நீ பண்ணுமா. சுருக்கா முடி."

எங்கள் சபையில் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டால் யாரும் நடுவில் நிறுத்தமாட்டார்கள். குழந்தை அழுதாலும் கண்ணைத் திறக்கக் கூடாது. அது பாவாவுக்கும் தெரியும். குறைவாகப் பேசுகிறவளுக்கு யோசனையும் குறைவு என்று நினைத்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

எழுந்து நின்றேன். கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே, எலக்சன்ல நிக்கிற எல்லாருக்கும் புத்தியைத் தாரும். யாரு ஜெயிச்சாலும் எங்க கல்லறைக்கு வழி போடணும். ஓட்டு போட்டாதான் வழின்றவரு எங்களுக்கு வேணாம். எங்க ஓட்டை எங்ககிட்டயே விடும். ஆமென்."

ஆண்கள் பக்கம் சத்தமே இல்லை. பெண்கள் பக்கம் ஆமென் வந்தது. முதலில் ஒரு குரல், அப்புறம் நிறைய.

வேட்பாளர் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். கிளம்பிவிட்டார். அவர் ஆள் ஒருவன் மட்டும் வாசலில் நின்றான்.

"இன்னாமா, மேல முருகரே ஆசீர்வாதம் பண்ணி அனுப்பிட்டாரு. நீ இன்னா வழிய மறிச்சினு நிக்கிற?"

"அவருக்கு ஓட்டு இல்லபா. எனக்கு இருக்குது" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே சபைக் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. அடுத்த ஞாயிறு சபை முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். பாவா கத்தவில்லை. நாம் கொஞ்சம் பேர், மொத்தமாக நின்றால்தான் மதிப்பான், ஆளுக்கு ஒரு பக்கம் போட்டால் எவன் திரும்பிப் பார்ப்பான் என்று கேட்டார். அவர் சொன்னதில் பாதி சரி. வழி வேண்டும் என்று மொத்தமாக நிற்கலாம், ஓட்டை மொத்தமாகக் கட்டிக் கொடுக்கக் கூடாது என்றேன். அப்போதுதான் அதைச் சொன்னார்.

"உன் புருஷன் பொட்டி சேத்துல கிடந்துச்சே. மறந்துட்டியா?"

"மறக்கல பாவா. அந்தப் பொட்டிய காட்டி எவனும் எங்கிட்ட ஓட்டு வாங்கக் கூடாது."

ஐயர்தான் வாயைத் திறந்தார். இனி எந்த வேட்பாளரும் ஆராதனைக்குள் வர வேண்டாம், பொன்னாடை வேண்டாம். வருகிறவர் ஆராதனை முடிந்து வெளியே தகரக் கொட்டகைக்கு வரட்டும். யார் வந்தாலும் ஒரே கேள்வி, ஒரே டீ. இது முடிவு என்றார். மன்னிப்புப் பேச்சை யாரும் மறுபடி எடுக்கவில்லை.

நாங்கள் பெண்கள் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் எழுதினோம். எந்த வயல், எவ்வளவு தூரம், யாரிடம் எப்போது மனு கொடுத்தோம் எல்லாம். எல்லா வேட்பாளருக்கும் அதே காகிதம். ரெண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கண்டிப்பாகச் செய்வேன் என்றார். எப்படி என்று கேட்டோம், முழித்தார். இன்னொருவர் அது பட்டா நிலம், சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும், அரசாங்கம் வாங்கித்தான் வழி போட முடியும், லேசில் நடக்காது என்றார். அந்த விவரத்தை அதுவரை எங்களுக்கு யாருமே சொன்னதில்லை. எங்களுக்கு யாரைப் பிடித்தது என்று ஐயர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

பொன்னாடை வாங்கியவர் வரவில்லை. அவர்தான் ஜெயித்தார்.

எங்கள் தெருவிலேயே சிலர் அவருக்குப் போட்டதாகச் சொன்னார்கள். அது அவர்கள் ஓட்டு. பாவா மட்டும் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். இனி வழி வந்த மாதிரிதான் என்று சொல்லிக்கினு திரிகிறார் என்று கேள்வி. இருக்கலாம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. செய்ததில் வருத்தமும் இல்லை.

போன மாதம் பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஜெயித்தவர் ஆபீசுக்குப் போனேன். காகிதத்தைப் புதிதாக எழுதியிருந்தோம். நிலச் சொந்தக்காரர் பேர், சர்வே எண், எங்கள் கையெழுத்து எல்லாம் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அன்னிக்கு ஜெபம் பண்ண அம்மா நீதானே?"

"ஆங், நான்தான்."

"நீ யாருக்குமா போட்ட?"

"அது உங்களுக்கு எதுக்குங்க? இவருதான் எங்களுக்கும் எம்எல்ஏ. அதான் வந்தேன்."

வைத்துவிட்டுப் போ, பார்க்கலாம் என்றார். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் கேட்டேன். முத்திரை போடுகிறவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்.

வரட்டும் என்று சொல்லி அங்கேயே நின்றேன். நாற்காலி காட்டினார்கள். உட்காரவில்லை. அவர் வந்து முத்திரை போட்டுக் கொடுத்த பிறகுதான் கிளம்பினேன்.