வாற்பேத்தைகளுக்கு ஒரு மலை

மகள் டெங்குக் காய்ச்சலோடு வார்ட்டில் இருந்த நாட்களில், வீட்டுக்கு வந்தபோதெல்லாம் நான் செய்தது ஒரே வேலைதான்: தேங்கிய தண்ணீரைத் தேடித் தேடிக் கொட்டினேன். பூச்சாடித் தட்டு, பழைய டயர், பூனைக்கு வைத்த சிரட்டை என்று எதையும் விடவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையே என்னைப் பார்த்துச் சிரித்தது. இன்றைக்கும் மழை விட்டால் என் கண் முதலில் தண்ணீர் தேங்கும் கூரைப் பீலிக்குத்தான் போகும்.

காய்ச்சல் போய் வீட்டுக்கு வந்தும் அவள் எழும்பவில்லை. பதினாலு வயதுப் பிள்ளை, சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். ஒருநாள் பின்முற்றத்தில் உடுப்புத் தோய்க்கும் தொட்டியை வெறுமையாக்கப் போனேன். உள்ளே வாற்பேத்தைகள், வாலாட்டி நீந்தும் தவளைக் குஞ்சுகள். ஜன்னலுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

“ஊத்தாதீங்கப்பா. எனக்கு வேணும்.”

மூன்று கிழமையில் அவள் கேட்ட முதல் பொருள் அது. டெங்கு நுளம்பு முட்டையிடாமல் வலையால் மூட வேண்டும் என்ற நிபந்தனையோடு, பழைய மீன் தொட்டியொன்றில் பதினொரு வாற்பேத்தைகளை ஹோலுக்குக் கொண்டுவந்தோம். முன்னங்கால் வந்ததும் அவை கரையேற வேண்டும், ஏற இடமில்லாவிட்டால் மூழ்கிச் சாகும் என்று அவள் போனில் படித்துச் சொன்னாள். பாதி தண்ணீர், பாதி தரை, இடையில் ஒரு மலை. நான் கட்டித் தருகிறேன் என்றேன்.

எங்கள் வீட்டுப் பாலன் குடிலின் மலையையும் பொம்மை ஆடுகளையும் பார்க்கவென்றே நத்தார்ப் பண்டிகைக்கு ஆட்கள் வருவார்கள். மலை என்றால் என் கைக்குத் தெரிந்தது அதுதான்: பிரவுண் பேப்பரைக் கசக்கி, பசை பூசி, பெயின்ற் அடிப்பது. குகைகூட வைத்து, இரவே தொட்டிக்குள் இறக்கினேன். விடிந்து பார்த்தால் மலை கூழாகி, தண்ணீர் பிளேன்டீ நிறத்தில் இருந்தது. மகள் தேயிலை வடியால் ஒவ்வொன்றாக வாளிக்கு மாற்றினாள். இரண்டு செத்திருந்தன. போய்ப் படுத்துக்கொண்டாள்.

“இதில பொம்மை ஆடு நிக்கப்போறதில்லை, உயிருள்ளது ஏறப்போகுது,” என்றாள் மனைவி.

கவலைப்பட நேரமில்லை, பின்னங்கால்கள் ஏற்கெனவே முளைத்திருந்தன. பிரிட்ஜை உடையாமல் பொதிந்து வந்த வெள்ளை ரெஜிபோம் துண்டுகளை வெட்டி அடுக்கினேன். அவை மிதக்கும் என்பதால் சிலிக்கன் வைத்துத் தொட்டியின் அடியோடு ஒட்டினேன். அதன்மேல் சீமெந்துக் குழம்பு, மூன்று பூச்சு. சுவர் பூசுகிறவன்போல நான் வழவழவென்று இழைத்துக்கொண்டிருக்க, “வழுக்கும்பா” என்று பின்னால் ஒரு சத்தம். கட்டிலை விட்டு வந்திருந்தாள். பழைய பல் பிரஷ்ஷால் ஈரச் சீமெந்தைக் குத்திக் குத்திச் சொரசொரப்பாக்கினாள். மேல்தட்டில் ஒரு பாதிச் சிரட்டையைக் கவிழ்த்துக் குகை வைத்ததும் அவள்தான்.

சீமெந்தின் காரம் தவளைத் தோலுக்கு ஆகாதாம். பத்து நாள், காலையும் மாலையும் தொட்டியில் தண்ணீர் நிரப்பினோம், ஊறவிட்டுக் கொட்டினோம். வாளியில் யாருக்கு முதலில் கை முளைக்கும் என்பதே வீட்டில் பேச்சு. கடைசியில் ஒன்றை மட்டும் தொட்டியில் விட்டு ஒரு பகல் முழுக்கக் காவலிருந்தேன். அது சுகமாக நீந்தியது. மற்ற எட்டையும் விட்டோம்.

இரண்டாம் நாள் காலை நான் சப்பாத்துப் போடும்போது மகள் கூப்பிட்டாள். நகத்தளவு தவளை ஒன்று, வால்கூடப் போகாமல், எங்கள் சீமெந்தில் கை வைத்து நின்றது. வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. திரும்பி வந்தது. மூன்றாம் தரம் முழு உடம்பும் வெளியே. மனைவி கைதட்டினாள். நானும் தட்டினேன். மகள் கதிரையில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கந்தோருக்குப் பிந்தி வருவேன் என்று போன் செய்தேன். மேலதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

“திரும்பவும் மகளுக்கோ?”

“இல்லை சேர். அவ நல்லா இருக்கிறா. வீட்டில தவளை கரையேறுது.”

 எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றேன். மூன்று என்று மகள் கதிரையிலிருந்து திருத்தினாள்.