அத்தையின் ஸ்டீல் கிட்டாரும் அப்பாவின் தமிழும்

அத்தை கிட்டாரை மடியில் படுக்கவைத்துத்தான் வாசிப்பாள். இடது கையில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு இருக்கும். அதைக் கம்பிகளின் மேல் இழுத்தால் யாரோ அழுகையை அடக்கிக்கொண்டு பாடுவது போலக் கேட்கும். புனேயின் கேம்ப் பகுதியில் இருந்த எங்கள் தமிழ்ச் சபைக்கு அந்த ஸ்டீல் கிட்டாருக்காகவே வந்தவர்கள் உண்டு. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் அவர்களில் பாதிப் பேருக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள்; எங்கள் வீட்டிலேயே ஓர் அறை. அப்பா சபையின் செயலாளர். ஆனாலும் புதிதாக வருகிறவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யும்போது, “நம்ம கிட்டார் டீச்சரோட அண்ணன்” என்றுதான் சொல்வார்கள். அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பு வீடுவரை வந்து சேராது.

சபையில் அத்தை வாசிக்கலாம், பேசக் கூடாது. பெண்கள் பிரசங்க மேடையில் ஏறுவது அங்கே வழக்கமில்லை. அதனால் அத்தை ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையான ரஞ்சன்காவுக்குப் போனாள். அங்கே தொழிற்சாலைகளில் வேலை பார்த்த நம்மூர்ப் பையன்கள் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் ஒரு தகரக் கொட்டகையில் கூடுவார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கும் என்பதற்காக நானும் தொற்றிக்கொள்வேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அங்கே அத்தை வேறு ஆள். பாட்டின் நடுவில் கையை நிறுத்தாமலே பேச்சைத் தொடங்குவாள். “மெஷின்ல விரல் போன தம்பிய கம்பெனி வீட்டுக்கு அனுப்பிட்டுது. ஆண்டவர் அனுப்புவாரா?” என்று கேட்டுவிட்டு, பதிலைத் தான் சொல்லாமல் இரும்பைக் கம்பியில் இழுப்பாள். பையன்கள் மொபைலைத் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்வார்கள். ஒருவன் கையில் கட்டுப்போட்டிருந்தான். அவன் மட்டும் தலை குனிந்தபடியே இருந்தான்.

அந்தப் பதிவுகள் கை மாறிக் கை மாறிப் பரவியதால், ஒரு ஞாயிறு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம் வந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் டீயும், பாவ் என்கிற பன் ரொட்டியும் கொடுப்பது அத்தையின் பழக்கம். வாங்கி வந்த பாவ் போதவில்லை. அத்தை எப்போதும் போலக் கண்ணை மூடி ஜெபம் செய்தாள். பிறகு ஒவ்வொரு பாவையும் இரண்டாகப் பிய்த்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள். எனக்கும் ஒரு பாதி கிடைத்தது. டீயில் முக்கித் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா விசாரித்தார். நான் என் வழக்கமான மொழியில் சொன்னேன்: “பாவ் கம்மியா இருந்துச்சுப்பா. அத்தை பிச்சுப் பிச்சு எல்லாருக்கும் குடுத்தாவ.”

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். “ஜெபம் பண்ணிட்டா குடுத்தா?”

“ஆமா.”

பள்ளியில் இந்தி, தெருவில் மராட்டி என்று திரிந்த என்னுடைய தமிழைப் பற்றி அப்பா அதுவரை கவலைப்பட்டதே இல்லை. அன்று பக்கத்தில் உட்கார வைத்தார்.

“பாவ் மராட்டி, பிள்ள. தமிழ்ல அப்பம். பிச்சு இல்ல, பிட்டு. எங்க, சொல்லு பார்ப்போம்.”

“அத்தை அப்பம் பிட்டுக் கொடுத்தார்கள்.”

“வேதத்துல இருக்கிற தமிழ் இதுதான். பெரியவங்க கேட்டா இப்படித்தான் சொல்லணும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். அதுதான் மரியாதை.”

அந்த வாரம் முழுவதும் பாடம் நடந்தது. சனிக்கிழமைக்குள் தடுமாறாமல் சொன்னேன். அப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. போதகர், மூன்று பெரியவர்கள், நோட்டுப் புத்தகத்தோடு அப்பா, எதிரே நாற்காலியில் அத்தை. என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

“ரஞ்சன்காவ்ல அத்தை என்ன செஞ்சாங்க?” என்று போதகர் கேட்டார்.

“ஜெபம் பண்ணி, எல்லாருக்கும் அப்பம் பிட்டுக் கொடுத்தார்கள்.”

அப்பம் பிட்டுக் கொடுப்பது என்றால் சபையில் ஒரே ஒரு பொருள்தான்: திருவிருந்து, இயேசுவின் கடைசி இரவு உணவை நினைவுகூரும் சடங்கு. அதைக் குருப்பட்டம் பெற்ற போதகர் மட்டுமே கொடுக்கலாம். மற்றவர்கள் கொடுப்பது பெரிய குற்றம். டீ இருந்ததா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டதுக்கு மட்டும் நான் பதில் சொன்னேன்.

“பிள்ள சொல்றது நிஜமா, டீச்சர்?”

அத்தை என்னைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பிள்ளைக்கு இந்தத் தமிழ யாருண்ணே சொல்லிக் குடுத்தா?” என்றாள்.

அப்பா குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். அத்தை எழுந்து வெளியே போய்விட்டாள்.

சபையில் வாசிக்க அவளுக்குத் தடை வந்தது. ரஞ்சன்காவ் கூட்டத்தை இனி செயலாளரே நடத்துவார் என்று தீர்மானித்தார்கள். அப்பா புது ஷர்ட் போட்டுக்கொண்டு போனார். முதல் மாதம் ஒன்பது பேர் வந்தார்கள் என்றார். அடுத்த மாதம் எத்தனை பேர் என்று சொல்லவில்லை. அதற்கடுத்த மாதம் அவர் போகவே இல்லை.

அதற்குள் அத்தை நாசிக்கில் வேறு பள்ளியில் வேலை தேடிக்கொண்டாள். கிளம்புகிற அன்று அப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டோ நின்றது. கிட்டார் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு அத்தை என்னைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தாள்.

“ஏட்டி, என்கிட்ட மட்டும் சொல்லு. அன்னைக்கு டீயில முக்கி நாம என்ன தின்னோம்?”

“பாவ், அத்தை” என்றேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். “இல்ல, அப்பம். அப்பம், அத்தை.”

தலைமேல் இருந்த கை விலகியது. அத்தை ஏறி உட்கார்ந்து ஆட்டோக்காரரிடம் இந்தியில், “சலோ பையா” என்றாள். தெரு முனை திரும்பும்வரை நான் கையாட்டிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தப்பாகச் சொன்னதை நானாகவே இவ்வளவு சீக்கிரம் திருத்திக்கொண்டும் அத்தை ஏன் ஒரு சபாஷ் கூடச் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.