பாவாடை கட்டிய நீல எஞ்சின்

வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறவர்களுக்கு முட்டையும் வெண்ணெயும் ஒரு பிரச்சினையே இல்லை. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற போட்டோதான் பிரச்சினை. தாம்பரத்தில் ஆறு வருடமாக இதில்தான் காலம் தள்ளுகிறேன். என்னைப் போல ஓவன் அடுப்பு முன்னால் அல்லல்படுகிறவர்கள் படித்து ஆறுதல் அடையுங்கள்.

பெயரோ வாத்து

ஸ்டெல்லா மிஸ் பல்லாவரத்தில் கணக்கு டீச்சர். அவர் கணவர் தேவராஜ் சார் மின்சார ரயில் ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை ரிட்டையர் ஆகிறார். அந்தக் கவலையில் இரண்டு மாதமாக மனிதர் வீட்டில் வாயே திறப்பதில்லையாம். சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார், டிவி போட்டால் பார்க்கிறார், அவ்வளவுதான். முன்பெல்லாம் இங்கிலாந்தில் எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுத்த 'ஏ-ஃபோர்' வகை நீராவி எஞ்சின்களைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டாராம். அதையே கேக்காகச் செய்து முன்னால் வைத்தால் பேசிவிடுவார் என்று மிஸ்ஸுக்கு நம்பிக்கை.

"மல்லார்டுனு ஒண்ணு. நீராவி எஞ்சின்லயே அதான் உலகத்துல ஃபாஸ்ட்டாம்" என்றார். தேடினால் மல்லார்ட் என்பது ஒரு வகை வாத்து! அந்த வகையில் நிறைய எஞ்சின்களுக்குப் பறவைப் பெயர்தான். சிலவற்றில் பிறகு பறவையை எடுத்துவிட்டு அதிகாரிகளின் பெயரை வைத்திருக்கிறார்கள். தலை சுற்றி மறுபடி போன் செய்தேன். மிஸ் சொன்னார்: "பேருதாம்மா வாத்து. அதுக்காக அலகெல்லாம் வெச்சுடாதீங்க."

மூன்று நம்பர்

மிஸ் பதினோரு போட்டோ அனுப்பினார். ஒன்றில் எஞ்சின் நீலம், ஒன்றில் கறுப்பு, ஒன்றில் பச்சை. நம்பர் ஒன்றில் 4468, ஒன்றில் 22, ஒன்றில் 60022. மூன்று எஞ்சின் என்று நினைத்தேன். இல்லை, எல்லாம் அதே வாத்துதான். காலத்துக்குக் காலம் நம்பரையும் பெயின்டையும் மாற்றியிருக்கிறார்கள். சாரிடம் கேட்டால் குட்டு உடைந்துவிடும், மிஸ்ஸுக்கோ ஒன்றும் தெரியாது. ஒரு மத்தியானம் முழுக்க வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஷேர் ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தவர் போனை வாங்கிப் பார்த்தார். "மூணு நம்பரு, மூணு கலரு. இன்னாமே இது, திருட்டு வண்டி மாதிரி கீது."

பாவாடை

சில போட்டோக்களில் பக்கவாட்டில் ஒரு தகடு இறங்கி, சக்கரங்களைப் பாதி மறைக்கிறது. சிலவற்றில் அது இல்லை. அதற்கு என்ன பெயரோ, நான் பாவாடை என்று வைத்துக்கொண்டேன். சர்க்கரை மாவில் சக்கரம் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும் என் கஷ்டம். பாவாடை கட்டிவிட்டால் அடிப்பாதி மட்டும் செய்தால் போதும். ஆகவே ஒரு போட்டோவிலிருந்து பாவாடையை எடுத்தேன். எழுத்து தெளிவாக இருந்த இன்னொரு போட்டோவிலிருந்து 60022 என்ற நம்பரை எடுத்தேன். நீலம் என் இஷ்டம்.

வெள்ளிக்கிழமை காலையில் மிஸ் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் போன்ல பாக்கற அதே எஞ்சின்மா, அப்படியே இருக்கு."

வெட்டாத கேக்

மாடம்பாக்கத்தில் ஒரு ஹால். கழுத்தில் மாலையோடு வந்த சார் கேக்கைப் பார்த்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. மிஸ் கத்தியை நீட்டிக்கொண்டே நின்றார்.

"தப்பு" என்றார் சார், பாவாடையைத் தொட்டுக் காட்டி. "இந்த நம்பர் வந்தப்போ சைடு மூடியே கிடையாது. யுத்த சமயத்துலயே கழட்டிட்டாங்க. யார் செஞ்சது?"

ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. மிஸ் முகம் வாடிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இப்பவே நம்பரை எடுத்துடறேன் சார்" என்று ஓடினேன்.

"இரும்மா, தொடாத" என்றவர், பக்கத்திலிருந்த டிரைவர்களைக் கூப்பிட்டார். காற்றைக் கிழித்துப் போக மூடி போட்டது, உள்ளே கைவிட்டு எண்ணெய் போட முடியாமல் ஆட்கள் திண்டாடியது, அதனால் கழற்றியது என்று ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். பிரியாணி ஆறிப்போனது. ஹால் புழுக்கத்தில் நீலம் உருகி மேஜைத் துணியில் இறங்கியது. எல்லாரும் கேட்டுக்கொண்டே நின்றார்கள், சார் சிரிக்கக்கூடச் செய்தார்.

மிஸ் கத்தியைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மன்னிச்சிடுங்க மிஸ், நம்பரைப் பாத்து போட்டிருக்கணும்" என்றேன். அவர் சாரிடமிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "சும்மா இரும்மா. எல்லாம் கரெக்டா இருந்திருந்தா, தேங்க்ஸ்னு சொல்லி வெட்டிட்டுப் போய் உக்காந்திருப்பாரு."

ஆறு வருடமாகச் சரியாகச் செய்த கேக்குகளை எல்லாரும் தின்று மறந்துவிட்டார்கள், தப்பாகச் செய்த இந்த ஒன்றைக் கேட்டு மட்டும் இதுவரை நாலு டிரைவர் வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது என்றால், இந்தத் தொழிலை நான் எப்படித்தான் புரிந்துகொள்வது?